கேம்பிரிட்ஜில் ஒரு வாரம்: புரதத்தை மாற்றி எழுதும் மனிதர்கள்

திங்கள்

கேம்பிரிட்ஜ் நகரின் நடுவே, எதிரில் ஒரு மிதிவண்டி வந்தால் நடப்பவர் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகலான ஃப்ரீ ஸ்கூல் லேன் என்ற சந்தில் பழைய கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்தின் கட்டடம் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, பெட்டியை விடுதியில் வைத்த கையோடு நான் முதலில் போனது அங்கேதான். இயற்பியலர்கள் 1970-களிலேயே நகரின் மேற்குப் புறத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் புரதங்களைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதிக்கு வேர் இந்தச் சந்தில்தான் இருக்கிறது.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தவள். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இங்கே புரதங்களை வேண்டியபடி மாற்றியமைக்கும் ஒரு புரதப் பொறியியல் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் ஆக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகப் பணிபுரிகிறார். "ஒரு வாரம் வந்து எங்களோடு இருந்து பாருங்கள் மேடம், நீங்கள் வகுப்பில் சொன்னதெல்லாம் இங்கே எப்படி நடக்கிறது என்று தெரியும்" என்று அவர் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தின் பெயரையும் அங்கிருப்பவர்களின் பெயர்களையும் எழுதுவதில்லை என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஊரறிந்த வரலாற்று மனிதர்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவேன். ஒவ்வொரு நாளின் குறிப்பையும் அன்றிரவே பதிவேற்றுவதாக எண்ணம்.

மேக்ஸ் பெரூட்ஸ் வியன்னாவிலிருந்து இந்தச் சந்துக்கு வந்தது 1936-இல். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அதன் அமைப்பைக் கண்டறிய முற்பட்டது அதற்கடுத்த ஆண்டில். அந்த அமைப்பு அவருக்குக் கிட்டியது 1959-இல். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு போர் வந்து போனது. 1940-இல் 'எதிரி நாட்டவர்' என்று சொல்லி அவரைக் கைது செய்து கப்பலேற்றிக் கனடாவில் முகாமில் அடைத்தார்கள். மறு ஆண்டு விடுவிக்கப்பட்டதும் அவர் திரும்பி வந்தது இதே ஆய்வகத்துக்கு. 1947-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவருக்கென ஒரு சிறு ஆய்வுப் பிரிவை இங்கே தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் அவரும் ஜான் கெண்ட்ரூவும் மட்டுமே.

அதே 1947-இல் இதே கேவண்டிஷுக்கு ஆய்வு மாணவராக வந்து சேர்ந்தவர் கோ. நா. இராமச்சந்திரன். எக்ஸ் கதிர்ச் சிதறலில் ஆய்வு செய்து, 1949-இல் முனைவர் பட்டம் பெற்று அவர் இந்தியா திரும்பினார். இந்த வாரம் முழுவதும் அவர் பெயர் என் காதில் விழப்போகிறது என்று மாணவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்

நகரின் தென்கோடியில், ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்திருக்கும் உயிர்மருத்துவ வளாகத்தில் இன்று பகல் முழுவதையும் கழித்தேன். மாணவரின் ஆய்வகம் பெட் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் ஒரு நொதியை எடுத்துக்கொண்டு, அதை அதிக வெப்பத்திலும் குலையாமல் நிற்கச் செய்ய முயல்கிறது. தண்ணீர் பாட்டில்கள் செய்யப்படும் அந்தப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 70 டிகிரி வெப்பத்தில்தான் இளகி நொதிக்கு இடம் கொடுக்கும். பெரும்பாலான நொதிகளோ அந்த வெப்பத்தில் வெந்த முட்டையைப் போலத் திரண்டுவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் பெட் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா ஒன்றை 2016-இல் அறிவித்ததும், பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறொரு நொதியை மாற்றியமைத்து 72 டிகிரியில் பத்து மணி நேரத்தில் பிளாஸ்டிக்கின் 90 விழுக்காட்டைச் சிதைத்துக் காட்டியதாக 2020-இல் வெளியிட்டதும் இத்துறைக்குப் புது வேகம் கொடுத்திருக்கின்றன.

காலையில் என்னை முதலில் அழைத்துச் சென்றது நுண்ணோக்கிக்கோ கணினிக்கோ அன்று. கண்ணாடிக் கலன்களைக் கழுவும் அறைக்கு. அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரியும் அம்மையார், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் கதவைத் திறந்தபோது ஈஸ்ட்டும் இறைச்சிச் சாறும் கலந்தாற்போன்ற அந்தப் பழகிய வாசம் என் முகத்தில் அடித்தது. பாக்டீரியாவுக்கு உணவாகும் கரைசலை லிட்டர் கணக்கில் ஒவ்வொரு நாளும் அவர்தான் தயாரிக்கிறார். குடுவையில் சோப்பின் சுவடு சிறிது மிஞ்சினாலும் பாக்டீரியா சரியாக வளராது என்பதால், கழுவிய ஒவ்வொரு குடுவையையும் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அதன் உட்சுவரில் நீர் ஒரே படலமாக வழிகிறதா, துளித்துளியாக உடைகிறதா என்று பார்க்கிறார். துளிகளாக உடைந்தால் அது மறுபடி தொட்டிக்குப் போகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் 'பாக்டீரியா 37 டிகிரியில் வளர்க்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தியின் உள்ளே இந்தப் பார்வை இருக்கிறது. முப்பது ஆண்டு கற்பித்த எனக்கு அந்த வரியை மாணவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

பின்பு குளிர் அறை. நான்கு டிகிரியில் இருக்கும் அந்த அறைக்குள் போலந்திலிருந்து வந்த ஆய்வக உதவியாளர் ஒருவர் தடித்த கம்பளிச் சட்டையோடு வேலை செய்துகொண்டிருந்தார். முந்தைய நாள் மாலை, மாற்றியமைத்த மரபணுவைச் சுமந்த ஈ. கோலை பாக்டீரியாவுக்குத் தூண்டுபொருள் கொடுத்து, இரவு முழுவதும் 18 டிகிரியில் குலுக்கியிருக்கிறார்கள். வெப்பத்தைக் குறைத்தால் பாக்டீரியா மெதுவாகப் புரதம் செய்யும். மெதுவாகச் செய்தால் புரதம் ஒழுங்காக மடியும். காலையில் செல்களை உடைத்து, கசடை நீக்கி, தெளிந்த சாற்றை நிக்கல் ஏற்றிய பிசின் நிரம்பிய ஒரு சிறு குழாயின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கினார். பிசின் வெளிர் நீலப்பச்சை நிறத்தில் இருந்தது. நாம் விரும்பும் புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு முறை வருமாறு முன்பே சேர்த்திருப்பதால் அது மட்டும் நிக்கலைப் பற்றிக்கொண்டு நிற்கும். பாக்டீரியாவின் பிற புரதங்களில் பெரும்பாலானவை வழிந்தோடிவிடும். பிறகு இமிடசோல் கரைசலை ஊற்றினால் அது ஹிஸ்டிடினின் இடத்தைப் பிடித்துக்கொண்டு புரதத்தை விடுவிக்கும்.

புரதம் இறங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, சாறு நிறமற்றது. எனவே அவர் பழுப்பு நிறச் சாயம் இட்ட சின்னஞ்சிறு கிண்ணங்களின் வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு, குழாயிலிருந்து விழும் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு துளியைப் பிப்பெட்டால் எடுத்து அதில் விட்டார். முதல் கிண்ணம் பழுப்பாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் துளி பட்ட இடத்திலிருந்து ஆழ்ந்த நீலம் கிளம்பிக் கிண்ணம் முழுவதும் பரவியது. அவர் திரும்பி மாணவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். வாரக்கணக்கில் கணினியில் திட்டமிட்ட ஒரு மூலக்கூறு உண்மையில் உருவாகியிருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி அந்த நீலந்தான். அதைக் கண்டவர் அந்த உதவியாளர்.

புதன்

வாரந்தோறும் நடக்கும் ஆய்வகக் கூட்டத்தில் இன்று உட்கார அனுமதித்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த முனைவர் பட்ட மாணவி தம் முடிவுகளை முன்வைத்தார். முடிவு என்று சொல்வதற்கு நல்லதாக எதுவுமில்லை. அவர் வடிவமைத்த மாற்றங்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவுக்குள் மடியாமல் கட்டிக்கட்டியாக வீழ்படிந்துவிட்டன. தேறியவை மூல நொதியைவிட எளிதில் குலைந்தன. அரை மணி நேரம் ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. எல்லோரும் கேள்வி கேட்டார்கள். எந்த மாற்றத்தில் எவ்வளவு வீழ்படிவு, எந்த வெப்பத்தில், அந்த அமினோ அமிலத்தின் அண்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, தோற்றவற்றில் பல புரதத்தின் ஒரே வளைவில் குவிந்திருக்கின்றன என்பதை அந்தப் பெண்ணே திரையில் கண்டுபிடிக்கும்படி செய்துவிட்டார்கள். உண்மையான ஆறுதல் அதுதான் என்பது என் எண்ணம்.

அந்த வளைவைத் திரையில் பெரிதாக்கியபோது, "இங்கே ஒரு ராமச்சந்திரன் பிசகு இருக்கிறது" என்று ஜப்பானிய ஆய்வாளர் சொன்னார். புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் முறுக முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிவிடும் என்பதைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தை உலகில் புரத அமைப்பைக் கையாளும் எவரும் தவிர்க்க முடியாது. கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் 1963-இல் வெளிவந்த கட்டுரை அது. அதற்கு ஆசிரியர்கள் மூவர்: கோ. நா. இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். வரைபடத்துக்கு ஒருவர் பெயர்தான் நிலைத்தது. கூட்டம் முடிந்ததும் மற்ற இருவரின் பெயர்களையும் நான் சொன்னேன். ஆய்வகத் தலைவர் அவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, எழுத்துக்கூட்டு சரியா என்று என்னிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார்.

புரதப் பொறியியல் பிறந்த கதையும் இப்படிப் பல பெயர்கள் கொண்டதே. இங்கிலாந்தின் பிளாக்பூலில் பிறந்து கனடாவின் வான்கூவரில் குடியேறிய மைக்கேல் ஸ்மித், 1970-களின் நடுவில் ஃபிரெட் சாங்கரின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்கு ஓராண்டு விடுப்பில் வந்திருந்தார். அப்போது அங்கே அமெரிக்காவிலிருந்து வந்திருந்தவர் கிளைட் ஹட்சிசன். ஒரு மரபணுவில் வேண்டிய ஓர் எழுத்தை மட்டும் வேண்டியபடி மாற்ற முடியும் என்ற யோசனை கேம்பிரிட்ஜில் காபி இடைவேளைப் பேச்சு ஒன்றில் உருவானதாகச் சொல்வதுண்டு. 1978-இல் அது செய்முறையாக வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் பாக்டீரியாவை நஞ்சுக்கோ கதிருக்கோ உட்படுத்தி, நேர்ந்த மாற்றங்களில் வேண்டியதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செய்முறையை ஒரு நொதியின் மீது முதலில் பயன்படுத்தியவர்களில் முக்கியமான குழு, கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆலன் ஃபெர்ஷ்ட், வான்கூவரில் ஸ்மித் என மூன்று ஊர்களில் பரவியிருந்தது. வின்டரிடம் மரபணு இருந்தது. ஃபெர்ஷ்டிடம் நொதியின் வேகத்தை நுட்பமாக அளக்கும் திறன் இருந்தது. இம்பீரியலிலேயே டேவிட் புளோ அந்த நொதியின் படிக அமைப்பைத் தீர்த்துக்கொண்டிருந்தார். டைரோசைல் டிஆர்என்ஏ சின்தட்டேஸ் என்ற அந்த நொதியில் 35-ஆம் இடத்திலிருந்த சிஸ்டெயின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுச் செரினை வைத்தார்கள். ஒரு கந்தக அணுவுக்குப் பதில் ஓர் ஆக்சிஜன் அணு. 1982-இல் ஐந்து பேர் பெயரோடு வெளியான அந்தக் கட்டுரையில் நொதி மேம்படவில்லை. இயற்கையானதைவிட மந்தமாகத்தான் வேலை செய்தது. ஆனால் மந்தமானதன் காரணத்தை அந்த ஒரே அணுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 51-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதிலாகப் புரோலினை வைத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை முன்னைவிட மிக இறுக்கமாகப் பற்றும் நொதியை அதே வட்டத்தினர் செய்து காட்டினார்கள்.

ஃபெர்ஷ்ட் பின்னர் கேம்பிரிட்ஜுக்கு வந்து, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புரதப் பொறியியல் மையத்துக்குத் தலைமையேற்றார். வின்டரும் அதில் பொறுப்பில் இருந்தார். 2010-இல் அது அதே கழகத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தோடு இணைந்தது. மாணவப் பருவத்தில் ஃபெர்ஷ்ட் பல்கலைக்கழகச் சதுரங்கக் கழகத்தின் தலைவராக இருந்தவர் என்ற செய்தியை ஆய்வகத் தலைவர் சொன்னபோது, ஒரே காயை நகர்த்திவிட்டு முழுப் பலகையும் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் அவருடைய ஆய்வு முறை எனக்கு இன்னும் தெளிவாக விளங்கியது.

வியாழன்

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் புதிய கட்டடத்தை இன்று வெளியிலிருந்து பார்த்தேன். 2013-இல் திறக்கப்பட்ட அது, இரு நீண்ட சிறகுகள் நடுவில் இணைந்து, குரோமோசோமை நினைவூட்டும் வடிவில் நிற்கிறது. பெரூட்ஸின் இருவர் பிரிவு வளர்ந்து 1962-இல் இவ்வளாகத்துக்கு அருகே தனி ஆய்வகமாகத் திறக்கப்பட்டபோது, மாடியில் ஓர் உணவகம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர் அவருடைய மனைவி ஜிசெலா. வெவ்வேறு தளங்களில் வேலை செய்பவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும், மற்றது தானே நடக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பல பெரிய ஆய்வகங்களின் வரலாற்றில் சமையற்கட்டுக்கு இடமே இருப்பதில்லை; இந்த ஒன்றில் இருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

அந்த மேசைக்கு வந்தவர்களில் சீசர் மில்ஸ்டைன் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவைச் சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுச் சொந்த நாட்டுக்கே திரும்பிப் பணியில் சேர்ந்தார். 1962-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு சக ஆய்வாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து வேலையைத் துறந்து, 1963-இல் இங்கே மீண்டு வந்தார். ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் ஜார்ஜஸ் கோலரோடு சேர்ந்து, நோய்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளில் ஒரே வகையை முடிவின்றிச் சுரக்கும் செல்களை உருவாக்கும் வழியை 1975-இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அந்த வழி உலகெங்கும் பரவுவதற்கு அது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வெளியிட்ட சிறிது காலத்திலேயே அந்தச் சோதனை அவர்கள் கையாலேயே மறுபடி செய்ய வராமல் போனது. பயன்படுத்திய கரைசல் ஒன்றில் நஞ்சு கலந்திருந்ததைத் தேடிக் கண்டறிந்தவர் இத்தாலியிலிருந்து வந்திருந்த ஜியோவானி கால்ஃப்ரே. நோபல் பரிசு 1984-இல் மில்ஸ்டைனுக்கும் கோலருக்கும் போய்ச் சேர்ந்தது. கால்ஃப்ரேயின் பெயர் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அந்த எதிர்ப்பொருள்கள் எலியினுடையவை என்பதால் மனித உடல் அவற்றை அந்நியமென்று தாக்கியது. கிரெக் வின்டர் 1986-இல் காட்டிய வழி அறுவைச் சிகிச்சை போன்றது: எலி எதிர்ப்பொருளில் நோய்ப்பொருளைத் தொடும் சிறு வளைவுகளை மட்டும் எடுத்து, மனித எதிர்ப்பொருளின் உடலில் பொருத்துவது. 1990-இல் ஜான் மெக்காஃபர்ட்டி, ஆண்ட்ரூ கிரிஃபித்ஸ், டேவிட் சிஸ்வெல் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை எலியையே தேவையற்றதாக்கியது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேற்பரப்பில் எதிர்ப்பொருளின் பகுதியைத் தாங்கச் செய்து, கோடிக்கணக்கானவற்றிலிருந்து வேண்டியதைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் வழி அது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் அடலிமுமாப் அவ்வழியில் பிறந்து 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாணவரின் குழுவில் இருக்கும் ஒருவருடைய தாய் அந்த ஊசியால்தான் இன்று மாடிப்படி ஏறுகிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

இந்த வரிசையில் நான் விட்டுவிட விரும்பாத இன்னொருவர் ஒசாகாவில் பிறந்த கியோஷி நாகாய். பெரூட்ஸ் ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டார் என்றாலும், அதன் அமினோ அமிலங்களை வேண்டியபடி மாற்றிப் பார்க்க அவருக்கு வழியில்லை. நோயாளிகளின் இரத்தத்தில் இயற்கையாக நேர்ந்த மாற்றங்களைத்தான் ஆராய முடிந்தது. 1981-இல் இங்கே வந்த நாகாய், டென்மார்க்கைச் சேர்ந்த தோகர்சனோடு சேர்ந்து, ஹீமோகுளோபின் சங்கிலியை வேறொரு புரதத் துண்டோடு ஒட்டிப் பாக்டீரியாவில் செய்யவைத்து, பிறகு இரத்தம் உறையும்போது செயல்படும் ஒரு நொதியால் சரியான இடத்தில் வெட்டியெடுத்தார். அது வெளியான 1984-இல் பெரூட்ஸுக்கு வயது எழுபது. அடுத்த ஆண்டே ஆய்வகத்தில் செய்த மாற்று ஹீமோகுளோபின்களைப் பற்றி நாகாயோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். இன்று என் மாணவர் நிக்கல் குழாயில் ஆறு ஹிஸ்டிடினைக் கொண்டு செய்வதும் அந்த ஒட்டவைக்கும் எண்ணத்தின் பேரப்பிள்ளைதான்.

வெள்ளி

இன்று வேலை குறைவு. மதிய மேசையில் பேச்சு மிகுதி. போலந்து, பிரேசில், ஜப்பான், இந்தியா, இங்கிலாந்து என ஐந்து நாட்டவர் உட்கார்ந்திருந்த மேசையில் புரதத்தைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் விசாவுக்குப் போய்விட்டது. பிரிட்டனில் வேலை விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவ மிகைக்கட்டணம் 2024 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. கணவன், மனைவி, ஒரு குழந்தை மூன்றாண்டு விசா வாங்கினால் 8,538 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன, சில தருவதில்லை. போஸ்ட்டாக் ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுதான். ஒரு நொதியைத் தேர்ந்தெடுத்து, மாற்றி, அளந்து, கட்டுரையாக்க அதற்கு மேலும் ஆகலாம். வியன்னாவிலிருந்து வந்தவரைக் கைது செய்த நாடு அவருக்கே இருபத்திரண்டு ஆண்டு பொறுமையையும் கொடுத்தது. இப்போதுள்ளவர்களுக்கு அந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இவ்வளவு பேர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இன் வேதியியல் நோபல் பரிசு, புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும் போனது. ஜப்பானிய ஆய்வாளர் ஒவ்வொரு நாளும் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகிறார். முன்பு மாதமான வேலை அவருக்கு ஒரு பிற்பகலில் முடிகிறது. ஆனால் ஆல்ஃபாஃபோல்ட் பாடம் கற்றது ஏறத்தாழ 1,70,000 புரத அமைப்புகளிலிருந்து. 1971-இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய பொது வங்கியில், குளிர் அறைகளில் நின்று படிகம் வளர்த்தவர்கள் ஐம்பது ஆண்டு இலவசமாகச் செலுத்திய சேமிப்பு அது. அவர் இதைச் சொன்னபோது மேசையில் எவரும் மறுக்கவில்லை.

சனி

ஊர் திரும்புவதற்கு முன் மாணவரும் நானும் வளாகத்திலிருந்து கிரேட் ஷெல்ஃபோர்ட் கிராமத்துக்குப் போகும் மிதிவண்டிப் பாதையில் நடந்தோம். 2005-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் தரையில் நான்கு நிறங்களில் 10,257 கோடுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 மரபணுவின் எழுத்துகள் அவை. மூன்று கோடுகளுக்கு ஓர் அமினோ அமிலம் என்று கணக்கிட்டால் 3,418 அமினோ அமிலங்களும் கடைசியில் ஒரு நிறுத்தற்குறியும் வரும். ஒரு கோட்டின் நிறத்தை மாற்றினால் புரதம் மாறலாம், மாறாமலும் போகலாம். வகுப்பறையில் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய இந்தக் கணக்கை நடந்து கடக்கும்போது ஒரு புரதத்தின் நீளம் உடம்புக்கே தெரிகிறது.

நடக்கும்போது மாணவர் தாம் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையைப் பற்றிப் பேசினார். செவ்வாயன்று நீலம் காட்டிய புரதத்தை நேற்று மாலை வெப்பமேற்றி அளந்திருக்கிறார்கள். மூல நொதியைவிட மூன்று டிகிரி அதிகம் தாங்குகிறது. வேறு கலவைகளோடு சேர்த்தால் இன்னும் உயரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆசிரியர் பட்டியலில் யார் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. குளிர் அறை உதவியாளரின் பெயர் இதுவரை நன்றியுரையில்தான் இருந்தது.

"அவர்தானே தம்பி, ஒவ்வொரு முறையும் சுத்திகரிப்பின் நிலைகளை மாற்றி மாற்றிப் பார்த்தவர்?" என்று கேட்டேன்.

"ஆமாம் மேடம். உப்பின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்று சொன்னதும் அவர்தான். அது இல்லாவிட்டால் புரதம் கிடைத்திருக்காது."

கிராமத்தை எட்டுவதற்குள் அவர் கைபேசியில் ஆய்வகத் தலைவருக்கு எழுதிவிட்டார். பதில் சிறிது நேரத்தில் வந்தது: உதவியாளர் நான்காவது ஆசிரியர், கலன் கழுவும் அம்மையாருக்கு நன்றியுரையில் பெயர் சொல்லி ஒரு தனி வரி, திங்களன்று இருவரிடமும் எழுத்துக்கூட்டைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.